வங்குறோத்தில் கேட்கப்படும் மாதாந்தக் கொடுப்பனவை மறுக்க முடியுமா? அம்மாவுக்கு அனுப்பும் பணம் செலவாக ஏற்கப்படவில்லை

வடமராட்சியான் எழுதியது:

கள உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் லண்டனின் புறநகர் ஒன்றில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாடகை வீட்டில் வசிக்கிறேன். கடையொன்றை நடத்தி நட்டப்பட்டு, கடனட்டைகளிலும் வங்கிக் கடன்களிலுமாக ஏறத்தாழ 47,000 பவுண்கள் சேர்ந்துவிட்ட நிலையில், வேறு வழி தெரியாமல் 680 பவுண்கள் கட்டணம் செலுத்தி இணையவழியாக வங்குறோத்துக்கு விண்ணப்பித்தேன். தை மாத இறுதியில் என்னை வங்குறோத்தானவராக, அதாவது கடனைத் தீர்க்க இயலாதவராக, அறிவித்தார்கள். இப்போது ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறேன்.

வங்குறோத்துக் கோப்புகளைக் கையாளும் அரச அதிகாரியான ஒஃபிஷல் ரிசீவரின் அலுவலகத்தோடு தொலைபேசி வழியாக நேர்காணல் முடிந்து சில வாரங்களின் பின், அவர்களிடமிருந்து மாதம் 386 பவுண்கள் வீதம் 36 மாதங்களுக்குச் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு கையொப்பமிடும்படி ஓர் உடன்படிக்கை வந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 13,896 பவுண்கள். அந்தத் தொகையை வீட்டுச் செலவிலிருந்து எப்படி எடுப்பது என்று நானும் மனைவியும் இரண்டு இரவுகள் கணக்குப் போட்டும் விடை கிடைக்கவில்லை.

கணக்கை ஊன்றிப் பார்த்தபோது மூன்று விடயங்கள் என் நிலைமையோடு பொருந்தவில்லை. முதலாவது, என் கைக்கு வரும் சம்பளம் மாதம் 2,340 பவுண்கள் என்று எடுக்கப்பட்டுள்ளது. அவர்கள் கேட்டபோது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் பேஸ்லிப்புகளை நான்தான் அனுப்பினேன். அவை நத்தார்க் காலத்து ஓவர்டைம் சேர்ந்தவை, மற்ற மாதங்களில் எனக்கு 2,190 பவுண்களுக்கு மேல் வருவதில்லை. இரண்டாவது, வேலைக்குப் போய்வருவதற்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமே கணக்கிடப்பட்டுள்ளது. அதிகாலை மூன்றரை மணிக்கு வேலை முடியும்போது அந்தத் தொழிற்பேட்டைக்குப் பேருந்து கிடையாது, ஆகையால் பழைய கார் ஒன்றில் போய்வருகிறேன். மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது. பருத்தித்துறையில் தனியாக இருக்கும் என் அம்மாவின் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பதினொரு வருடங்களாக மாதம் 150 பவுண்கள் அனுப்பி வருகிறேன். அதை ‘ஏற்க முடியாத செலவு’ என்று ஒரே வரியில் நீக்கிவிட்டார்கள்.

கையொப்பமிடாவிட்டால் என் வங்குறோத்து நிலை நீக்கப்பட்டுக் கடன்காரர்கள் மறுபடி வருவார்களா? இந்தத் தொகையை எதிர்த்துக் கேட்க எனக்கு உரிமை உண்டா? அம்மாவின் பணத்தை எப்படியாவது சேர்க்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

வணக்கம் தம்பி. சில வருடங்களாக ஒரு கடன் ஆலோசனை நிலையத்தில் தொண்டராகத் தமிழ்க் குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனாலும் இதே கடிதத்தோடு வந்தவர்கள் பலரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்க்கிறேன். கையொப்பமிட மறுப்பதனால் வங்குறோத்து நிலை நீக்கப்படாது, பழைய கடன்காரர்கள் உங்களிடம் திரும்பி வரவும் முடியாது. உங்களுக்கு வந்திருப்பது, ஐ.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வருமானக் கொடுப்பனவு உடன்படிக்கை. 1986ஆம் ஆண்டின் இன்சொல்வென்சி (கடன் தீர்க்க இயலாமை) சட்டத்தில் 310ஏ என்ற பிரிவு அதைப் பற்றியது. பெயரே சொல்வதுபோல அது இரு தரப்பும் இணங்கிச் செய்வது. நீங்கள் இணங்காவிட்டால், ஒஃபிஷல் ரிசீவரோ உங்கள் சொத்துகளைக் கையாளும் பொறுப்பாளரோ நீதிமன்றத்திடம் போய் 310ஆம் பிரிவின் கீழ் வருமானக் கொடுப்பனவுக் கட்டளை கேட்கலாம். அதை வங்குறோத்திலிருந்து நீங்கள் விடுவிக்கப்படுவதற்கு முன்னரே, அதாவது வழமையாக முதல் 12 மாதங்களுக்குள், கேட்டுவிட வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் உங்களுக்கு அறிவித்தல் வரவேண்டும், நீங்கள் போய் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். உடன்படிக்கையானாலும் கட்டளையானாலும் மூன்று வருடங்களுக்கு மேல் போகாது. ஆனால் ஒரு வருடத்தில் நீங்கள் விடுவிக்கப்பட்ட பின்னரும் மீதிக் காலத்துக்குத் தொடரும்.

அந்த 310ஆம் பிரிவில்தான் உங்களுக்கான பாதுகாப்பும் இருக்கிறது. வங்குறோத்தானவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் தேவையான நியாயமான இல்லறச் செலவுகளுக்கு வேண்டிய அளவுக்குக் கீழே வருமானத்தைக் குறைக்கும் எந்தக் கட்டளையையும் நீதிமன்றம் பிறப்பிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதிகாரி அனுப்பும் கணக்கும் அந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. ஆகவே ‘386 பவுண்கள் அதிகம், எங்களால் முடியாது’ என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. அந்தத் தொகை வருமானத்திலிருந்து செலவுகளைக் கழித்து வந்த மிச்சம் மட்டுமே. எந்த வரி பிழையோ அந்த வரியைச் சான்றோடு திருத்தினால் மிச்சம் தானாகக் குறையும்.

ஓவர்டைம் விடயத்தில் உங்கள் நியாயம் பலமானது. பங்குனி, சித்திரை பேஸ்லிப்புகளையும், சென்ற வருடத்து முழு வருமானத்தைக் காட்டும் பி60 படிவத்தையும் அனுப்புங்கள். அடுத்த நத்தார் வரை மேலதிக நேரம் உறுதியில்லை என்று வேலையிடத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் பெற முடிந்தால் மிகவும் நல்லது. காருக்கு, வேலை நேர அட்டவணையையும் அந்த நேரத்தில் பேருந்து இல்லை என்பதைக் காட்டும் பயணத் திட்டப் பக்கத்தையும் இணையுங்கள். எரிபொருள், காப்புறுதி, வீதி வரி, எம்.ஓ.ரி. என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை ஆகியவற்றை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள். வருடத்துக்கொரு முறை வரும் செலவுகளைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, பற்சிகிச்சை, வீட்டுச் சலவை இயந்திரம் பழுதானால் திருத்தும் செலவு எல்லாம் நியாயமான இல்லறச் செலவுகளே. நேர்காணலில் தொலைபேசியில் திடீரென்று கேட்கும்போது இவை நினைவுக்கு வருவதில்லை.

மனைவியின் சம்பளத்தையும் பாருங்கள். அவருடைய வருமானத்தை உங்கள் கடனுக்காக எடுக்க மாட்டார்கள். ஆனால் வாடகை, கவுன்சில் வரி போன்ற பொதுச் செலவுகளில் அவர் தம் வருமான விகிதத்துக்கு ஏற்பப் பங்கெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த விகிதத்துக்கும் உங்கள் ஓவர்டைம் மாதங்களைத்தான் எடுத்திருப்பார்கள். சம்பளம் திருத்தப்பட்டால் விகிதமும் மாற வேண்டும் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இனி அம்மாவின் விடயம். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தும் உண்மையைத்தான் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தில் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு 385ஆம் பிரிவு ஒரு வரைவிலக்கணம் தருகிறது: வங்குறோத்தானவரோடு வசிப்பவர்களும் அவரில் தங்கியிருப்பவர்களுமே குடும்பம். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். அம்மா உங்களில் தங்கியிருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களோடு வசிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பெற்றோரைப் பார்ப்பது கடமை என்று நாம் வளர்ந்த விதமும், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை மட்டும் குடும்பம் என்று எண்ணும் இந்த வரைவிலக்கணமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. என்னிடம் வந்தவர்களில் இந்தச் செலவை ஏற்கச் செய்தவர் எவரையும் நான் கண்டதில்லை. மருத்துவ அறிக்கைகளோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் முழு மறுப்பையும் அதில் தொங்கவிடாதீர்கள். மற்ற வரிகளில் கிடைக்கக்கூடியதும் அதனால் பின்தள்ளப்பட்டுவிடும்.

கடிதத்தில் சொன்ன திகதிக்கு முன் எழுத்தில் பதிலளியுங்கள். பேசாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கேட்ட தகவலைத் தராமல் இருந்தால், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி உங்கள் விடுவிப்பை நிறுத்திவைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. காரணங்காட்டி உடன்பட மறுப்பது வேறு, பதிலே எழுதாமல் இருப்பது வேறு.

ஈஸ்ற்ஹாம் வாசி எழுதியது:

செவ்வந்தி அக்கா விரிவாக எழுதிவிட்டார். நான் கையொப்பமிட்ட பின் பட்ட அனுபவத்தை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் பலர் ‘இப்போதைக்குப் போட்டுவிடுவோம், பிறகு பார்ப்போம்’ என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் மாதம் 240 பவுண்களுக்கு ஒப்புக்கொண்டேன். எட்டு மாதங்களின் பின் என் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணியிலிருந்து 24 மணியாகக் குறைந்தது. பணம் இல்லாதபோது தருவதை நிறுத்தினால் அவர்களுக்குப் புரியும் என்று எண்ணி, எவருக்கும் எழுதாமல் இரண்டு மாதங்கள் செலுத்தாமல் விட்டது என் தவறு. கையொப்பமிட்ட உடன்படிக்கையை நீதிமன்றக் கட்டளையைப் போலவே நடைமுறைப்படுத்தலாம் என்பதும், தேவைப்பட்டால் சம்பளத்திலிருந்து நேரடியாக வேலைகொடுப்பவரே பிடித்து அனுப்பும்படி கட்டளை பெற முடியும் என்பதும் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே புதிய பேஸ்லிப்புகளையும் வேலை ஒப்பந்தத்தையும் அனுப்பி மாற்றம் கேட்டேன். ஆறு வாரங்களில் மாதம் 60 பவுண்களாகக் குறைத்து எழுத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் தவறவிட்ட இரண்டு மாதங்களின் தொகையைப் பழைய கணக்கின்படியே செலுத்த வேண்டியிருந்தது.

ஆகவே தம்பி, உடன்படிக்கையை இரு தரப்பும் எழுத்தில் இணங்கி மாற்றலாம். அவர்கள் இணங்காவிட்டால் நீங்களே நீதிமன்றத்தில் மாற்றக் கோரலாம். அந்த வழி இறுதிவரை திறந்திருக்கும். ஆனால் நிலைமை மாறினால்தான் அது எளிது. தொடக்கத்திலேயே பிழையாக இருந்த கணக்கில் கையொப்பமிட்டுவிட்டு, ‘அன்று தெரியவில்லை’ என்று பிறகு சொல்வது மிகக் கடினம். கையொப்பத்துக்கு முன்னுள்ள இந்தச் சில நாட்களை விடாதீர்கள்.

வடமராட்சியான் எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. எழுத்தில் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விடயங்களை நேர்மையாகக் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆட்கள் இருபது பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டொன்றில் நானும் இருக்கிறேன். கடையைக் காப்பாற்றச் சென்ற வருடமே சீட்டை எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்பது மாதங்கள், மாதம் 250 பவுண்கள் கட்ட வேண்டும். இதை வங்குறோத்துப் படிவத்தில் எழுதவில்லை, அது வங்கிக் கடனில்லையே என்று நினைத்தேன். இதைச் செலவாகக் காட்டலாமா?

மற்றது, நண்பர் ஒருவர் சாப்பாட்டுச் செலவை 150 பவுண்கள் கூட்டி எழுதிவிட்டு அந்தப் பணத்தை அம்மாவுக்கு அனுப்பும்படி சொல்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்.

செவ்வந்தி எழுதியது:

தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: செய்யாதீர்கள். உங்கள் வங்கிக் கூற்றுகளை அவர்கள் கேட்டுப் பார்க்கலாம். மாதாமாதம் பணம் அனுப்பும் நிறுவனத்துக்குப் போகும் தொகை அதில் தெளிவாகத் தெரியும். தெரிந்தே பொய்யான தகவல் கொடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். நேர்மையற்ற நடத்தைக்காக 2 வருடம் முதல் 15 வருடம் வரை வங்குறோத்துக் கட்டுப்பாடுகளை நீடிக்கவும் வழியுண்டு. ஒரு வருடத்தில் முடிய வேண்டியதை 150 பவுண்களுக்காக அங்கே கொண்டுபோக வேண்டாம். ஏற்கப்பட்ட சாப்பாட்டுச் செலவுக்குள் நீங்கள் உண்மையாகவே சிக்கனம் செய்து அம்மாவுக்கு ஏதும் அனுப்பினால் அது வேறு. இல்லாத செலவை எழுதுவது வேறு.

சீட்டு விடயத்தை நம்மவர்கள் பெரும்பாலும் மறைக்கிறார்கள், எனவே சற்று விரிவாக எழுதுகிறேன். நீங்கள் சீட்டை எடுத்துவிட்டீர்கள். ஆகவே மீதமுள்ள 2,250 பவுண்கள் உங்கள் கடன். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், நம்பிக்கையின் பேரில் நடந்தாலும் அது கடன்தான். சீட்டுப் பிடிப்பவர் உங்கள் வங்கியைப் போலவே ஒரு கடன் கொடுத்தவர்; மற்றவர்களை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் மாதச் செலவாகக் கட்டுவதை ஏற்க மாட்டார்கள். இன்றே எழுதி அவரைக் கடன் கொடுத்தோர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்களாக முன்வந்து திருத்துவதற்கும் அவர்களே கண்டுபிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இதை வாசிப்பவர்களில் எவரேனும் சீட்டு இன்னும் எடுக்காமல் வங்குறோத்துக்குப் போக நினைத்தால், அதுவரை கட்டிய பணம் உங்கள் சொத்தாகக் கணக்கிடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சீட்டுக்காரரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனாலும் கடன் கொடுத்தவர் என்ற வகையில் அவருக்கு வரும் அறிவித்தல் கடிதம் அவர் கைக்குப் போகுமுன் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

தனிவழி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 58 வயது. இன்னும் எடுக்காத தனியார் ஓய்வூதியம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து மாதத் தொகையாகக் கட்டும்படி வற்புறுத்த முடியுமா?

செவ்வந்தி எழுதியது:

ஐயா, முடியாது. 2012இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் முடியும் என்று தீர்ப்பளித்ததால் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. 2016இல் ஹோர்ட்டன் எதிர் ஹென்றி என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: எடுக்கப்படாத ஓய்வூதியத்தை எடுக்கும்படி கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் நீங்களே எடுக்கத் தொடங்கினால் அது வருமானமாகக் கணக்கிடப்படும். மொத்தமாக எடுக்கும் தொகையும் அதில் அடங்கலாம். ஆகவே எதையும் எடுக்குமுன் ஆலோசனை பெறுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

ஏழு வாரங்களின் பின் எழுதுகிறேன்.

ஆறு பக்கக் கடிதமும் இருபத்திமூன்று இணைப்புகளும் அனுப்பினேன். கடன் ஆலோசனை நிலையத்தில் ஒருவர் நான்கு மணி நேரம் என்னோடு இருந்து செலவுப் பட்டியலைப் புதிதாக எழுதித் தந்தார். கோப்பைக் கையாளும் அதிகாரி இருமுறை தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டார். சம்பளம் 2,190 பவுண்களாகத் திருத்தப்பட்டது. அதில் மட்டும் 150 குறைந்தது. காருக்காக 45 பவுண்களும், மகளின் கண்ணாடிக்கும் பள்ளிச் செலவுகளுக்குமாக 20 பவுண்களும் கூடுதலாக ஏற்றார்கள். புதிய தொகை மாதம் 171 பவுண்கள். அதில் கையொப்பமிட்டேன். மனைவியின் பங்கைப் பொறுத்தவரை, விகிதத்தை மாற்றினாலும் தொகையில் பெரிய வேறுபாடு வராது என்று அதிகாரி கணக்கைக் காட்டினார், அதை ஏற்றுக்கொண்டேன்.

அம்மாவின் பணம் ஏற்கப்படவில்லை. அக்கா சொன்ன அதே வரைவிலக்கணத்தை மரியாதையோடு எழுதி அனுப்பினார்கள். கனடாவில் இருக்கும் தம்பி, அடுத்த மூன்று வருடங்களுக்குத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நானே அம்மாவுக்குத் தொலைபேசியில் காரணத்தைச் சொன்னேன். அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்.

சீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். கோபப்பட்டார், நியாயம்தான். பட்டியலில் சேர்த்தாயிற்று.

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. புரட்டாதியிலிருந்து மனைவிக்கு முழுநேர வேலை கிடைக்கும்போல இருக்கிறது. அதை நான் அறிவிக்க வேண்டுமா?

செவ்வந்தி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி தம்பி. 386 எங்கே, 171 எங்கே.

அறிவியுங்கள். மனைவியின் சம்பளம் உங்கள் வருமானம் அல்ல. ஆனால் பொதுச் செலவுகளில் அவருடைய பங்கு கூடும்போது உங்கள் கையில் மிஞ்சுவதும் கூடக்கூடும், ஆகவே நிலைமை மாறினால் சொல்ல வேண்டும் என்று உடன்படிக்கையில் உள்ள நிபந்தனையை எடுத்துப் படியுங்கள். விடுவிப்புக்கு முன் உங்கள் சொந்தச் சம்பளம் உயர்ந்தால் 21 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நத்தார் ஓவர்டைம் வரும்போது அதை மறக்க வேண்டாம். மனைவி முழுநேரமானால் பிள்ளைகளைப் பாடசாலைக்குப் பின் பார்த்துக்கொள்ளும் கட்டணமும் வரும். வருமானத்தை அறிவிக்கும் அதே கடிதத்தில் அந்தச் செலவையும் பற்றுச்சீட்டோடு எழுதுங்கள்.

ஸ்கொட்லாந்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே விதிமுறை வேறு, கொடுப்பனவு 48 மாதங்கள் போகும், மீளாய்வு கேட்கும் வழியும் வேறு. மேலே எழுதியவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும்.